ஆணியம்மாவின் ஈரச் சாக்கு

ஆணியம்மா இறந்த செவ்வாய்க்கிழமை மர மில்லில் ஒரு கட்டைகூட அறுபடவில்லை. துக்கத்தால் என்று சொல்லிவிட முடியாது. துக்கம் இருந்தது. ஆனால் ரம்பம் நின்றதற்குக் காரணம் வேறு. கட்டைகளுக்குக் குறி போட ஆள் இல்லை.

குறி என்றால் சாக்பீஸால் போடுகிற இரண்டே அடையாளங்கள். கட்டை சுத்தமாக இருந்தால் ஒரு கோடு. உள்ளே இரும்பு இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். கோடு விழுந்த கட்டை ரம்பத்துக்குப் போகும். வட்டம் விழுந்தது போகாது. அந்த இடத்தைக் கொத்தி, ஆணியையோ கம்பியையோ பிடுங்கி எடுத்த பிறகுதான் போகும். ரம்பம் ஓடுகிற வேகத்தில் ஒரு விரற்கடை ஆணி பட்டால் போதும், எஃகுப் பட்டை அறுந்து சுருண்டு பறக்கும். ஆணியம்மா வருவதற்கு முந்தின வருஷம் அப்படிப் பறந்ததில் ஒருவருக்குக் காது போயிருந்தது. ஆணியம்மா வந்தபின் இருபத்தாறு வருஷத்தில் ஆணி பட்டு ஒரு ரம்பமும் அறுந்ததில்லை.

அவர் மில்லுக்கு வந்தது மரத்தூள் கூட்டுவதற்கு. மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் லாரி ஓட்டப் போனார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதைப் பற்றி ஆணியம்மா இதற்குமேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டுகிறவர்கள் தரையைத்தான் பார்ப்பார்கள். ஆணியம்மா தூளைப் பார்த்தார். சில நாள் தூளில் நீலம் கலந்து விழுந்தது. நீலம் விழுந்த அன்றெல்லாம் ரம்பத்தின் பல் உடைந்தது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு கவனித்தார். பிறகு ஒரு நாள் ரம்பம் ஓட்டுகிறவரிடம் போய் நின்றார். அவரை எல்லோரும் ரம்பண்ணன் என்பார்கள்.

“அண்ணே, அந்தக் கட்டையோட முனையில நீலக் கறை இருக்கு. உள்ள ஏதோ இருக்கு.”

“ஏம்மா, தூள் கூட்டுறதை விட்டுட்டு ஜோசியம் சொல்ல வந்துட்டியா?”

“பாத்துட்டுத் திட்டுங்க.”

பார்த்தார். ஒரு சாண் ஆழத்தில், யாரோ எப்போதோ வேலிக்கு அடித்த ஆணி, மரம் வளர்ந்து விழுங்கிய ஆணி, நடுவிரல் நீளத்தில் கிடந்தது. ரம்பண்ணன் திட்டவில்லை. மறுநாள் ஒரு சின்னக் கோடரியும் ஒரு பெட்டி சாக்பீஸும் கொண்டுவந்து கொடுத்தார். ஆணியம்மா என்ற பெயரும் அன்றைக்கு வந்ததுதான். அதற்குமுன் என்ன பெயர் என்று மில்லில் பலருக்குத் தெரியாது.

அந்த நீலத்துக்குக் காரணம் தெரிய அவருக்குப் பதினைந்து வருஷம் ஆனது. மகள் கல்லூரியில் வேதியியல் சேர்ந்த முதல் பருவத்தில் ஒரு நாள் வந்து சொன்னாள். மரத்தில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது, இரும்போடு சேர்ந்தால் அது கருநீலமாகும், அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே இப்படித்தான் செய்தார்கள்.

“அப்ப நானும் மையைப் பாத்துதான் பொழைக்கிறேன்னு சொல்லு. நீ மட்டும்தான் படிச்சவன்னு நெனச்சுக்காத” என்றார் ஆணியம்மா.

ஆர்கிட் செடிகள் கட்டைகளோடு வந்தவை. வெகு தொலைவுக் காடுகளில் வெட்டி, வியாழக்கிழமை தோறும் லாரியில் வந்து இறங்கும் கட்டைகளின் பட்டையில் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை வேர்கள் பட்டையைப் பிடித்திருக்கும். தண்டு விரல் மொத்தத்தில் குமிழ் குமிழாகப் பருத்திருக்கும். மில் ஆட்கள் அதைப் புல்லுருவி என்பார்கள். ஆணியம்மாவுக்கு அது பிடிக்காது. “புல்லுருவி மரத்தை உறிஞ்சிக் குடிக்கும். இது மரத்து மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். மழையில குடிக்குது, காத்துல திங்குது. உங்களை மாதிரி ஓசிச் சோறு இல்ல.”

பட்டை உரிக்கும்போது செடி போய்விடும். ஆணி தேடப் பட்டையை உரித்தாக வேண்டும். அதனால் ஆணியம்மா முதலில் செடியைக் கோடரி நுனியால் நெம்பி எடுத்துவிடுவார். முழுசாக வந்ததை முதல் வெட்டில் விழுகிற பட்டைப் பலகையில் வைத்துக் கயிற்றால் கட்டி, மில்லின் பின்சுவரில் தொங்கவிடுவார். லாரியில் நசுங்கியது, தண்டு உடைந்தது, வேர் அறுந்தது எல்லாம் ஒரு பழைய சணல் சாக்கில் போய் விழும். சாக்கை நனைத்து, சுருட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செருகிவிடுவார். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் உடைந்த தண்டுகளை அரைக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

அரைப்பது எதற்கென்றால் சுளுக்குக்கு. லாரியோடு வரும் சுமை ஆட்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வேரை அரைத்து மூட்டுவலிக்குக் கட்டுவோம் என்பார் ஒருவர். இலைச்சாறு காதுவலிக்கு என்பார் இன்னொருவர். வேறொரு வகையில், மண்ணில் முளைப்பதில், கிழங்கு இரண்டு இரண்டாக இருக்கும், பாலில் காய்ச்சிக் குடித்தால் ஆண்மை கூடும் என்று ஒருவர் ரகசியமாகச் சொன்னார். “கிழங்கு ரெண்டா இருக்குங்கறது ஒரு காரணமா? அப்ப முந்திரிக்கொட்டை சாப்பிட்டா கிட்னி வளருமா?” என்று ஆணியம்மா கேட்டதில் அவர் அடுத்த நடைக்கு வேறு லாரியில் ஏறிப் போய்விட்டார். சொன்னதில் ஆணியம்மா நம்பியது ஒன்றுதான், உடைந்த தண்டை அரைத்துச் சுளுக்குக்குக் கட்டுவது. அதையும் கேட்டு நம்பவில்லை. தன் கணுக்கால் பிசகியபோது கட்டிப் பார்த்து நம்பினார். அதன் பிறகு மில்லில் யாருக்கு மணிக்கட்டு பிசகினாலும், முழங்கை வீங்கினாலும் திங்கட்கிழமை காலையில் அவரிடம் வந்து நிற்பார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த, வழவழவென்ற, லேசாக ஊசிய வாடை வீசும் விழுது. துணியில் வைத்துக் கட்டிவிடுவார். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

மகள் படித்து முடித்து, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நகரத்தில், வலித் தைலங்கள் செய்யும் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் வருஷம் ஆணியம்மாவே கேட்டார்.

“உங்க ஆபீசுல என் குச்சியைச் சோதிச்சுப் பாக்க முடியுமா?”

“எதுக்கும்மா? கட்டிவிடுற, கேக்குதுன்னு சொல்றாங்க, விடு.”

“கேக்குதுன்னு அவங்கதான் சொல்றாங்க. எனக்குத் தெரியாது. கட்டைக்குக் கோடு போடும்போது எனக்குத் தெரிஞ்சு போடுறேன். இதுக்கு மட்டும் தெரியாமப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

மகள் ஒத்துக்கொண்டாள். ஆணியம்மா தண்டுகளை அனுப்பினார். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது.

“அம்மா, உன் செடியில ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும்னா?”

“வழவழப்பு இருக்கு. அது சர்க்கரை சங்கிலி சங்கிலியாக் கோத்துக்கிட்டு நிக்கறது. தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், ஜில்லுன்னு இருக்கும். ஈரத்துணி சுத்தினாலும் அதே சுகம்தான். வீக்கத்தை அடக்கற மாதிரி வேற எதுவும் தெரியல.”

“சரியாப் பாத்தியா?”

“மூணு தடவை பாத்தேன்மா.”

“சரி. வெச்சுடு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆணியம்மா அரைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அரைக்கவில்லை. செடிகளைச் சுவரில் கட்டுவதை விடவில்லை. சாக்கில் போடுவதையும் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. ஆனால் ஞாயிறு வந்தால் சாக்கைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டிவிடுவார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

அதில் நான்காம் மாதம் ரம்பண்ணனின் இடது மணிக்கட்டு பிசகியது. கட்டையொன்று திமிறி உதைத்துவிட்டது. வந்து கையை நீட்டினார்.

“மருத்துவமனைக்குப் போங்கண்ணே.”

“போயிட்டுதான் வர்றேன். எலும்புல ஒண்ணும் இல்லையாம். மாத்திரை குடுத்தாங்க, கட்டுப் போட்டாங்க. அதெல்லாம் இருக்கட்டும், உன் பச்சையை வை.”

“அதுல ஒண்ணும் இல்லண்ணே.”

“யாரு சொன்னா?”

“என் மக.”

“உன் மக சொன்னா சொல்லிட்டுப் போகுது. என் கைக்குத் தெரியும்.”

“உங்க கைக்குத் தெரியும். எனக்குத் தெரியணுமே. நீலம் இல்லாத கட்டைக்கு நான் வட்டம் போட்டா நீங்க ஒத்துப்பீங்களா? இல்லாததை இருக்குன்னு இருபது வருஷமாக் கட்டிவிட்டிருக்கேன்னா, அது போதும்ணே.”

ரம்பண்ணன் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினார், ஆனால் கை வலிக்கும்போதெல்லாம் அவர் பார்க்கும்படி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

எட்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, மகள் விடுமுறையில் வந்தாள். பின்சுவரைப் பார்த்தாள். நாற்பதுக்கு மேல் பலகைகள், பாதியில் பூ. தொட்டிக்கு அடியில் சாக்கு. அரைக்கிற கல் மட்டும் காய்ந்து கிடந்தது. அவளுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். வேரையாவது சோதித்துப் பார்க்கிறேன் என்று, லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கிய கட்டையில் செடியைப் பறித்து, கொண்டுவந்திருந்த ஐஸ் குடுவையில் அடைக்க ஆரம்பித்தாள்.

ஆணியம்மா பட்டை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏண்டி, பறிச்ச கையோட ஐஸ்ல திணிக்கறே?”

“அப்பத்தாம்மா உள்ள இருக்கறது மாறாம அப்படியே நிக்கும்.”

“மாறினா என்ன?”

“மாறிடுச்சுன்னா செடியில முதல்ல என்ன இருந்துச்சுன்னே தெரியாது.”

ஆணியம்மா கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

“நான் அரைக்கறது மாறினதைத்தானே.”

மகள் குடுவையை மூடப் போனவள் மூடவில்லை.

“போன தடவை எனக்கு அனுப்பினது எதும்மா? சாக்குல இருந்ததா?”

“சாக்குல இருந்ததையா? உங்க ஆபீசுக்குப் போற பொருளாச்சே. இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கினேன். கொழுகொழுன்னு, பச்சையா. அன்னிக்கு இறங்கின கட்டையிலேர்ந்து எடுத்து, ரெண்டு தண்ணியில கழுவி, ஐஸ் வெச்சு அனுப்பினேன். சாக்குல ஊசிக் கிடந்ததை அனுப்பினா உன்னை என்ன நெனப்பாங்க?”

மகள் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தாய் தன் வீட்டுப் பொருளின் மானத்தைக் காப்பாற்ற அனுப்பியதைத்தான் அவள் பாடத்தில் படித்தபடி, ஒரு நொடி வீணாக்காமல், உறைய வைத்துச் சோதித்திருந்தாள். இருவரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். அதில்தான் எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

“சாக்குல எத்தனை நாள் கிடக்கும்?”

“லாரி வியாழன். அரைக்கறது ஞாயிறு. நீயே எண்ணு.”

“சாக்கைத் துவைப்பியா?”

“சாக்கை யாருடி துவைப்பா?”

மகள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சொல்ல வந்ததைப் பாதி பாதியாகச் சொன்னாள். ஆர்கிட் வகைகள் சிலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பு கிழிந்தால், கிழிந்த இடத்தில் பூஞ்சை நுழைந்தால், அதுவரை தன்னிடம் இல்லாத பொருளைச் செடி புதிதாகத் தயாரிக்கும். பூஞ்சையைத் தடுப்பதற்காகத் தனக்குத் தானே செய்துகொள்ளும் மருந்து. அதற்கு ஓரிரண்டு நாள் ஆகும். உயிர் இருக்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், காயம் இருக்க வேண்டும். உறைய வைத்தால் செடி எதையும் தயாரிக்காது.

“அப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னது?” என்றார் ஆணியம்மா.

“நான் பாத்த குச்சியில ஒண்ணும் இல்ல. நீ அரைச்ச குச்சியை நான் பாக்கவே இல்லம்மா.”

எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஆணியம்மாவுக்குக் கை பரபரத்தது. இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அல்ல. பார்க்கலாம் என்று ஆனதால்.

திட்டம் அங்கேயே, கட்டை மேல், சாக்பீஸால் எழுதப்பட்டது. ஒரே செடியின் உடைந்த தண்டுகள் சாக்கில் கிடக்கும். இன்று ஒரு துண்டு, நாளை ஒரு துண்டு என்று ஏழு துண்டு எடுத்து, எடுத்தவுடன் உறைய வைக்க வேண்டும். அதே தண்டில் சிலதை, பூஞ்சை படாதபடி, வெந்நீரில் அலசிய புதுத் துணியில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். அதே வகையில் உடையாத முழுச் செடி ஒன்றும் வேண்டும்.

“முழுச் செடி எதுக்குன்னு கேக்கலையா?” என்றாள் மகள்.

“அதைக் கேப்பாங்களா? நல்ல கட்டையைத் தட்டிப் பாத்து வெச்சிருந்தாத்தானே கெட்ட கட்டையோட சத்தம் தெரியும்.”

உறைய வைக்க இடம்தான் சிக்கல். மில் வாசலில் ஒரு பெட்டிக்கடை. அதில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. கடைக்காரரிடம் ஆணியம்மா என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பொட்டலம் ஐஸ்கிரீமுக்கு அடியில் போயிற்று. பொட்டலத்தின் மேல் நாள் எண். நான்காம் நாள் கடைக்காரர் மில்லுக்குள்ளேயே வந்துவிட்டார்.

“ஆணியம்மா, ஒருத்தர் வந்து அந்த மூணாம் நம்பர் குடுங்கங்கறாரு. புது ஐஸ்னு நெனச்சிட்டாரு.”

“குடுத்துட்டீங்களா?”

“குடுக்கலை.”

“குடுத்திருந்தா உங்க கையைத்தான் அரைச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு ஆணியம்மா ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

மறுவாரம் சனிக்கிழமை மகளின் மேலாளர் கூடத்தைத் திறந்துகொள்ள அனுமதித்திருந்தார். வெள்ளியன்றே சனிக்கிழமைக் கட்டைகளுக்கும் சேர்த்து ஆணியம்மா குறி போட்டு முடித்தார். ஐஸ் குடுவை ஒரு கையில், ஈரச் சாக்கு மடியில். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

“சாக்குல என்னம்மா, பாம்பா?”

“பாம்பா இருந்தா அதுக்கும் ஒரு சீட்டு வாங்கியிருப்பேனே. குச்சி.”

சாக்கை ஏன் எடுத்து வந்தாய் என்று மகளும் கேட்டாள். “இருக்கட்டும்” என்றார்.

பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வெள்ளை அங்கியும் கண்ணாடியும் மாட்டினாள். கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்து, “வெல்டிங் வைக்கிறவன் மாதிரி இருக்கேன்” என்றார். ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பத்துப் பொட்டலத்தையும் வரிசையாக வைத்தார். எண் பிசகாமல் எடுத்துக் கொடுத்தார். மகள் ஒவ்வொன்றையும் நசுக்கி, எடை பார்த்து, மெத்தனாலில் ஊற வைத்து, அதிர்கிற தொட்டியில் அரைமணி நேரம் நிறுத்தி, வடிகட்டினாள்.

“வாசம் சாராயம் மாதிரி இருக்கே.”

“குடிச்சா கண்ணு போயிடும்.”

“அப்ப கண்ணாடி போட்டது சரிதான்.”

அடுத்து ஒரு தகடு. உள்ளங்கை அகலம், மேலே வெள்ளைப் பூச்சு. அடியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் பத்துப் பொட்டு வைத்தாள், ஊசியை விட மெல்லிய கண்ணாடிக் குழாயால். முதல் ஏழும் சாக்கு, நாள் வரிசையில். பிறகு இரண்டு துணி. கடைசி முழுச் செடி. தகட்டை ஒரு ஜாடியில் நிறுத்தி மூடினாள். அடியில் அரை விரற்கடை திரவம். திரவம் தகட்டில் ஏறும், பொட்டில் இருக்கும் பொருள்களைத் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு பொருளும் தன் உயரத்தில் இறங்கிக்கொள்ளும்.

“பஸ் மாதிரி” என்றார் ஆணியம்மா.

“அதேதான். அவங்கவங்க நிறுத்தத்துல.”

இருபது நிமிஷம். ஆணியம்மா ஜாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஈரம் ஏறுவதைப் பார்த்தார். மகள் நடந்தாள். உட்கார் என்றால் உட்காரவில்லை. “நீ நடந்தா சீக்கிரம் ஏறுமா?” என்று கேட்டும் நடந்தாள்.

தகட்டை எடுத்து உலர்த்தி, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, புற ஊதா விளக்கைப் போட்டாள். முதலில் மகள் பார்க்கவில்லை. தள்ளி நின்று, “நீ பாரும்மா” என்றாள்.

ஆணியம்மா துளையில் கண்ணை வைத்தார். இருட்டு. பிறகு இருட்டில் கண் பழகியது.

“சொல்லும்மா.”

“இரு.”

“அம்மா.”

“முதல் குச்சியில ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுலயும் இல்ல. மூணாவதுல பாதி உயரத்துல மங்கலா ஒரு பொட்டு.” அவர் குரல் அடங்கியது. கட்டையைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கும்போது அப்படித்தான் பேசுவார். “நாலாவதுல நல்லா இருக்கு. அஞ்சாவது, ஆறாவது, ஏழாவது, அதுக்கு மேல. நீலம்டி. நல்ல நீலம். துணியில வெச்சதுல இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. முழுச் செடியில துளியும் இல்ல.”

நான்காவது பொட்டு மூன்று நாள் சாக்கில் கிடந்தது. வியாழனிலிருந்து ஞாயிறு.

மகள் அவரைத் தள்ளாத குறையாகத் துளைக்கு வந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், நிமிர்ந்து சிரித்தாள், மறுபடி குனிந்தாள். “ஏணி மாதிரி ஏறுதும்மா. நாளுக்கு நாள் ஏறுது.” அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணாடி கழன்று ஆணியம்மாவின் மூக்கு நுனியில் தொங்கியது.

ஆணியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“இந்த நீலம் குச்சியோடதா, சாக்கோடதா?”

மகள் உலுக்குவதை நிறுத்தினாள்.

“நாளாக ஆகச் சாக்குல பூஞ்சையும்தானே ஏறும்? அந்தப் பூஞ்சையே நீலமா இருந்தா? நான் பூசினது வெறும் சாக்கு அழுக்கா இருந்தா?” மேசையடியிலிருந்து சாக்கை இழுத்து வைத்தார். “இதுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன். இதையும் ஊற வை.”

எல்லாவற்றையும் கெடுத்துவிடக்கூடிய கேள்வி. ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் மகள். படித்தவள் மறந்ததை ஆணி பார்க்கிறவர் மறக்கவில்லை. மகள் சாக்கின் ஒரு மூலையை, பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்த இடமாகப் பார்த்து, வெட்டினாள். நசுக்கி, ஊற வைத்து, அரைமணி நேரம். புதுத் தகட்டில் இரண்டே பொட்டு. ஒன்று மூன்று நாள் கிடந்த நான்காவது தண்டு. ஒன்று வெறும் சாக்கு. மறுபடி இருபது நிமிஷம்.

இந்தத் தடவை மகள் நடக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஈரம் ஏறியது. பாதியில் நின்றுவிட்டது போல் இருந்தது, நிற்கவில்லை.

“சாக்குலயும் நீலம் இருந்தா என்ன பண்ணுவ?” என்று மகள் கேட்டாள்.

“திங்கக்கிழமை மில்லுல எல்லாரையும் கூப்பிட்டு, இவ்வளவு நாள் சாக்கு அழுக்கைப் பூசினேன்னு சொல்லுவேன். ரம்பண்ணன் மட்டும் நம்ப மாட்டாரு.”

“இல்லன்னா?”

“இல்லன்னா அப்புறம் பாப்போம்.”

தகடு உலர்ந்தது. இரண்டு பேரும் ஒரே துளையில் பார்க்க முட்டிக்கொண்டார்கள். கடைசியில் மகள் மேல் மூடியைக் கழற்றி, அறை விளக்கை அணைத்து, விளக்கின் ஒளி கண்ணில் படாதபடி தகட்டைத் திருப்பி வைத்தாள்.

இடது பக்கம் நீலம், அடுப்புச் சுடரின் அடியில் தெரிகிற நீலம். வலது பக்கம், சாக்கு நின்ற இடத்தில், அடியில் கொஞ்சம் மஞ்சள் அழுக்கு. அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை. இருட்டு.

ஆணியம்மா விட்ட மூச்சில் தகடு ஆடியது.

“குச்சியோடதுதான்.”

“குச்சியோடதுதான்மா.”

பிறகுதான் அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. மகள் என்ன பேசினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வேகமாக, நிறுத்தாமல் பேசினாள். அந்தப் பொருளைப் பிரித்து எடுக்க வேண்டும், எடை காண வேண்டும், அமைப்பைக் காண வேண்டும், இதே குடும்பத்தில் இப்படிப்பட்ட பொருள்கள் வீக்கத்தைக் குறைப்பதாகப் படித்திருக்கிறேன், ஆனால் இது அதுதானா என்று தெரியாது, அதுவே என்றாலும் தோல் வழியாக உள்ளே போகுமா என்று தெரியாது, போனாலும்...

“மூச்சு விடு” என்றார் ஆணியம்மா.

மகள் மூச்சு விட்டாள். பிறகு பென்சிலை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“விளக்கை அணைச்சா நீலம் மறைஞ்சிடும். அதுக்கு முன்னாடி புள்ளியைச் சுத்தி வட்டம் போடணும். அதுதான் இங்க வழக்கம்.”

“வட்டமா?”

“வட்டம்தான்.”

ஆணியம்மா பென்சிலைச் சாக்பீஸ் பிடிப்பது போல் பிடித்தார். பூச்சு உதிரக்கூடாது என்று மகள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆணி இருக்கும் இடத்துக்குப் போடுவது போலவே, நீலத்தைத் தொடாமல், மயிரிழை தள்ளி, ஒரே சுற்றில் போட்டார். ஏழு தண்டுப் புள்ளிகளில் நீலம் தெரிந்தவற்றுக்கு முதல் தகட்டிலும் போட்டார். மங்கலாக இருந்த மூன்றாவதுக்குப் போடலாமா என்று யோசித்து, அதற்கும் போட்டார். துணிப் புள்ளிகளுக்குப் போடவில்லை. “சந்தேகம்” என்றார்.

“கோடு போடலையாம்மா?”

“கோடுன்னா போகலாம்னு அர்த்தம். இது வட்டம். உள்ள இருக்கு, எடுத்துப் பாத்துட்டுப் பேசுன்னு அர்த்தம். நல்லதா கெட்டதான்னு எடுத்தாத்தானே தெரியும்.”

திங்கட்கிழமை காலை அவரே ரம்பண்ணனைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார்.

“என்ன, உன் மக சரின்னு சொல்லிட்டாளா?”

“உள்ள ஏதோ இருக்கு. என்னன்னு தெரியாது. நானே பாத்தேன். அவ்வளவுதான் சொல்லுவேன். மாத்திரையை நிறுத்தாதீங்க. தோல் அரிச்சா உடனே கழுவிடுங்க.”

“இருபது வருஷமா அரிக்கலை. இன்னிக்கா அரிக்கப் போகுது.” கட்டி முடித்ததும் ரம்பண்ணன் சொன்னார், “நாலு மாசம். நல்லா இருந்த கையைப் பிடிச்சுக்கிட்டே எனக்குத் தோள் வலி வந்துடுச்சு.”

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கல் ஈரமானது. வாரத்துக்கு இரண்டு முறை மகளுக்குத் தொலைபேசி போயிற்று. “எடுத்துட்டியா?” என்பதுதான் முதல் வார்த்தை, நலமா என்பதற்கும் முன்னால். பிரித்தெடுக்கக் கிலோக்கணக்கில் தண்டு வேண்டும் என்றாள் மகள். கிலோவுக்காகக் காட்டில் ஒரு செடியையும் பிடுங்க விட மாட்டேன், உடைந்து வருவது மட்டும்தான் என்றார் ஆணியம்மா. வாரா வாரம் ஒரு பொட்டலம் பேருந்தில் வந்தது. மூன்று நாள் கிடந்தது. கழுவாதது.

பதினொரு பொட்டலம் வந்தது. பதினொன்றாவது வந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை, முதல் கட்டையைத் தட்டுவதற்கு முன், ஆணியம்மா அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். ஐம்பத்தொரு வயது. அன்று போட வேண்டிய குறிகள் போடப்படவில்லை. மறுநாள் ரம்பண்ணன் தானே கோடரியை எடுத்துக்கொண்டு பட்டை உரித்தார். சந்தேகமான இடமெல்லாம் வட்டம் போட்டார். நாளெல்லாம் நான்கு கட்டைதான் அறுபட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பின்சுவரில் நாற்பத்து மூன்று பலகைகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது பெட்டிக்கடைக்காரர். பதினொரு பொட்டலத்திலிருந்து மகள் பிரித்தெடுத்த பொருள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிசி மணி அளவு, வெளிர் மஞ்சள். விளக்கில் காட்டினால் நீலம். என்னவென்று இன்னும் தெரியாது. இன்னும் ஐந்தாறு பொட்டலம் வேண்டும். ரம்பண்ணன் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழனிலிருந்து ஞாயிறு வரை என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு தகடுகளும் பரிசோதனைக் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. சாதாரண வெளிச்சத்தில் நீலம் தெரியாது. வட்டங்கள் மட்டும் தெரியும்.

சாக்கு மில்லுக்குத் திரும்பிப் போய்விட்டது, ஒரு மூலை வெட்டுப்பட்டபடி. தொட்டிக்கு அடியில் ஈரமாக இருக்கிறது. துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி நல்ல எண்ணத்தில் அதைத் துவைக்கப் போனாள். மகள் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.